நான்கே நகர்த்தலில் மேட்

அப்போது சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் டிசைன் கம்ப்யூட்டர் என் பொறுப்பில் இருந்தது. செஸ் பைத்தியம் பிடித்த ஒரு வாடிக்கையாளர், மாதத்துக்கு ஒன்றாகத் தானே பன்னிரண்டு புதிர்கள் அமைத்து ஆர்டர் கொடுத்திருந்தார். ‘வெள்ளை நான்கு நகர்த்தலில் மேட்’, அதாவது அதற்குள் கறுப்பு ராஜாவை மடக்க வேண்டும் என்று புதிர்; விடை கீழே பொடி எழுத்தில். புதிர்கள் சரிதானா என்று பார்க்க நானே ஒரு புரோகிராம் எழுதினேன். வெள்ளைக்கு ஒரு வழி கிடைத்தால் போதும்; ஆனால் கறுப்பு எதை நகர்த்தினாலும் அத்தனைக்கும் பதில் இருக்க வேண்டும். ஒன்று விடாமல் எல்லா நகர்த்தலையும் அது ஆடிப் பார்க்கும். பன்னிரண்டும் சரி என்று சொல்லிவிட்டேன். முதலாளி வருவோர் போவோரிடமெல்லாம் என்னைப் பற்றிப் பெருமையடித்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஆகஸ்ட் தாள் ஓடிக்கொண்டிருந்த காலையில் மெஷின் சத்தம் நின்றது. மெஷின் ஓட்டுகிறவர் தாயில்பட்டிக்காரர், டீ நேரத்தில் பேப்பர் கட்டின்மேல் பலகை விரித்து செஸ் ஆடுகிறவர். மை காயாத தாளோடு என் அறைக்கு வந்தார். சீசனில் கேட்காமல் மெஷினை நிறுத்த அங்கே யாருக்கும் தைரியம் கிடையாது. முதலாளி பின்னாலேயே ஓடிவந்தார்.

“அண்ணாச்சி, இந்த விடை தப்பு. கடைசியில கறுப்புக்கு நகத்த ஒண்ணுமில்ல, சரி. ஆனா ராஜாவுக்குச் செக்கும் இல்லையே? இது மேட் இல்ல, டிரா.”

“கம்ப்யூட்டர் பாத்தது தப்பு, நீ பாத்தது சரியாலே? ஏம்மா, நீ சொல்லு. இவன் சொல்றது பொய்யின்னா இன்னையோட இவன் இங்கன வேண்டாம்.”

எனக்குச் சுருக்கென்றது. கறுப்புக்கு நகர்த்த வழியில்லை என்றால் மேட் என்று எழுதியிருந்தேன். செக் இருக்கிறதா என்று கேட்கும் ஒரு வரியை எழுதவே இல்லை. அந்த நொடியே தெரிந்துவிட்டது. ஆனால் மைக்கறைக் கையோடு வந்து ஒருவர் என்னைத் திருத்துவதா என்ற திமிர் வாயை அடைத்தது.

“ஓடவிட்டுப் பாத்துச் சொல்றேன் அண்ணாச்சி.”

விட்டுப்போன வரியைச் சேர்த்து ஓடவிட்டேன். கறுப்புத் திரையில் கர்சர் மட்டும் துடித்தது. ஐந்து நிமிடம். பத்து நிமிடம். வெளியே உருளைகளில் மை காய்ந்துகொண்டிருந்தது. தாள் அடுக்கும் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்தார்கள்.

“இன்னும் எம்புட்டு நேரம்மா?” என்ற முதலாளி சட்டென்று மெஷின் ஓட்டுகிறவர் பக்கம் பாய்ந்தார். “லோடு ஏத்துற நேரத்துல மெஷின நிறுத்திப்புட்டு நிக்கான் பாரு. கெளம்புலே!”

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டு, டிபன் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கினார். ‘நில்லுங்கண்ணே’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். என் தப்பைக் கம்ப்யூட்டர் சொல்லட்டும், அவர் சொன்னதாக இருக்க வேண்டாம் என்று நினைத்தேன். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

இருபதாவது நிமிடத்தில் பதில் வந்தது: நான்கில் மேட் இல்லை.

“அவரு சொன்னதுதான் சரி அண்ணாச்சி. தப்பு என்னோடது.”

முதலாளி அவரைக் கூட்டிவரச் சொல்லிக் கணக்கப்பிள்ளையை ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டுக்கு விரட்டினார். கணக்கப்பிள்ளை தனியாகத் திரும்பி வந்தார்.

“வரமாட்டேங்காரு அண்ணாச்சி. தாளை நீட்டுனப்பவே அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சுபோச்சு, மூஞ்சியில பாத்தேன்னு சொல்லுதாரு.”