காலியாக விடாத இடம்

வேலை தேடும் பிள்ளைகள் அவளை இன்டர்வியூ அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பயிற்சி மையத்தில் அவளுக்கு வேலை ஒன்றுதான்: கடை கடையாக, பட்டறை பட்டறையாக ஏறி இறங்கி, படித்து முடித்தவர்களுக்கு மூன்று மாதப் பயிற்சி இடம் பிடித்துக் கொடுப்பது. சொல்வதற்கு என்ன, சுலபம்தான். செருப்புத் தேய நடப்பவளுக்கல்லவா தெரியும். அனுபவம் உள்ள ஆளாக அனுப்பு என்பார் ஒரு முதலாளி. அனுபவம் வரத்தானே ஐயா அனுப்புகிறேன் என்றால், சரிதான், ஆனால் அனுபவத்தோடு அனுப்பு என்பார். இன்னொருவர் ஆளே கிடைக்கவில்லை என்று அழுவார். ஆளைக் கொண்டுபோய் எதிரே நிறுத்தினால், இப்போது சீசன் இல்லையே என்று கையை விரிப்பார். பிள்ளைகளும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஏணியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று பாதியில் ஓடி வந்தவன் உண்டு. முதல் நாளே தனக்கு மேஜை எங்கே என்று கேட்டவனும் உண்டு. இருபக்கமும் பேச்சு வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு வந்து பல்லைக் கடித்தபடி சமைப்பாள்.

அவளுக்கு இருந்த ஒரே ஆறுதல் ஏசி சர்வீஸ் கடைக்காரர். எத்தனை முறை கேட்டாலும் முகம் சுளிக்காத மனிதர். அவர் விஷயத்தில் அவள் ஒரு வழக்கம் வைத்திருந்தாள். வெள்ளிக்கிழமை ஒரு பிள்ளை பயிற்சி முடித்துக் கிளம்பினால், திங்கட்கிழமை காலை அடுத்த பிள்ளை ஷட்டர் திறக்கும்போதே நிற்க வேண்டும். "ஒரு நாள் காலியா விட்டாலும் நாம இல்லாமலே அவருக்குப் பழகிடும் சார்" என்று மேனேஜரிடம் சொல்லுவாள். மேனேஜரும் ஒவ்வொரு மீட்டிங்கிலும் அந்தக் கடையைச் சொல்லித்தான் மற்றவர்களின் காதைத் திருகுவார்.

இந்த முறை அங்கே போனது அவளுடைய சொந்த அக்கா மகள். ஏசி மெக்கானிக் படிப்பதற்காகச் சித்தி வீட்டிலேயே தங்கியிருந்தவள். வேலை அவளுக்கு அப்படிப் பிடித்துப்போனது. வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள் கடைக்கு போன் செய்து, அந்தப் பொண்ணையே அனுப்புங்க என்று கேட்க ஆரம்பித்திருந்தார்கள். ஆனால் அவளுடைய அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்: பயிற்சி முடிவதற்குள் வேலை நிரந்தரமானால் இரு, இல்லையென்றால் ஊருக்கு வந்து நம் கடையில் பில் போடு. பில் போடுவதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது.

கடைசி வாரம் இன்டர்வியூ அக்கா கடைக்குப் போனாள். முதலாளி கழற்றிப் போட்ட ஒரு கம்ப்ரஸரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, பொண்ணு எப்படி வேலை செய்யறா?"

"தங்கமான பொண்ணு மேடம். ஒரு வீட்டுக்கு அனுப்பினா மறுபடி புகார் வர்றதே இல்லை."

"அப்போ வேலைக்கே எடுத்துக்குங்களேன்."

அவர் சிரித்தார். "எதுக்கு மேடம்? வெள்ளிக்கிழமை இவ போனா திங்கக்கிழமை நீங்க இன்னொண்ணு அனுப்பிடுவீங்க. இத்தனை வருஷத்துல ஒரு நாளாவது இந்த இடத்தைக் காலியா விட்டிருக்கீங்களா? ஆள் எடுக்கணும்ங்கற நினைப்பே எனக்கு வரலை, போங்க. உங்களை மாதிரி பொறுப்பா யார் செய்வாங்க?"

கிண்டல் செய்திருந்தாலாவது அவள் திருப்பிக் கொடுத்திருப்பாள். மனிதர் மனதாரப் பாராட்டினார், அதுதான் வயிற்றெரிச்சல். அந்தக் கடையில் ஒரு வேலை இத்தனை வருஷமாக இருந்திருக்கிறது. அதை யாருக்கும் கிடைக்காமல் அடைத்துக்கொண்டு நின்றது அவளுடைய சுறுசுறுப்புதான். கையில் சான்றிதழோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக நினைவுக்கு வந்தார்கள். தெருவில் நடக்கும்போதே வாய்விட்டுத் தன்னைத் திட்டிக்கொண்டாள்.

திங்கட்கிழமை அவள் யாரையும் அனுப்பவில்லை. முதலாளி போன் செய்தார். ஆள் இல்லைண்ணே என்றாள். வாய் கூசாமல் வந்த பொய். மறுநாள் வெயிலைச் சொல்லிப் புலம்பினார், போன் மேல் போன் வருகிறது என்றார். ஆள் இல்லைண்ணே. அக்கா மகள் வீட்டில் பெட்டியைக் கட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தாள்.

உண்மையில் ஆள் இருந்தது. அடுத்த முறை உனக்குத்தான் என்று அவளே வாக்குக் கொடுத்த ஒரு பெண். புதன்கிழமை அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு அவளுடைய அம்மா மையத்துக்கே வந்துவிட்டாள். தையல்காரி. கழுத்தில் அளவு டேப் அப்படியே தொங்கியது.

"கடையில இடம் காலியாத்தான் இருக்காமே மேடம். போய்க் கேட்டுட்டுத்தான் வர்றேன். ஆளே இல்லைன்னு சொன்னீங்களாம்? இவ யாரு, ஆள் இல்லையா?"

இன்டர்வியூ அக்கா நடந்ததைச் சொன்னாள். இப்படி மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டே இருந்தால் யாருக்குமே வேலை கிடைக்காது, எங்காவது நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்றாள். தையல்காரி முழுவதும் கேட்டாள்.

"நியாயம்தான். இத்தனை பேர் வந்து போனாங்களே, அவங்க யாருக்கும் வராத நியாயம் உங்க அக்கா பொண்ணு முறைக்கு மட்டும் எப்படி மேடம் வந்துச்சு?"

அப்போது போன் அடித்தது. முதலாளியின் குரல் எப்போதுமே அறை முழுக்கக் கேட்கும்.

"சரி மேடம், நீங்க ஏன் ஆள் அனுப்பலைன்னு புரிஞ்சுபோச்சு, உங்க வழிக்கே வர்றேன். பழைய பொண்ணையே நாளைக்கு வரச் சொல்லுங்க, நிரந்தரமாவே வச்சுக்கறேன். ஆனா இனிமே பயிற்சி கியிற்சின்னு யாரையும் கூட்டிட்டு வராதீங்க. என்கிட்ட இருக்கறது ஒரு ஆளுக்கான வேலைதான்."

தையல்காரி கத்தவில்லை. மகளின் தோளைத் தொட்டு எழுப்பினாள். வாசல்வரை போன மகள் திரும்பி, "வேற கடை ஏதாவது வந்தா சொல்லுங்கக்கா" என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள்.

நான் செய்தது சரிதான் என்று அந்தப் பெண்ணைக் கூப்பிட்டுச் சொல்ல இன்டர்வியூ அக்கா வாயெடுத்தாள். ஆனால் போனை வைத்த கணத்தில் அவள் மனம் ஓடியது வீட்டுக்குத்தான், அக்கா மகளின் முகம் எப்படி மலரும் என்று பார்க்கத்தான். அது அவளுக்கே தெரிந்திருந்ததால் ஒன்றும் சொல்லவில்லை.