வாச்சர் துரத்திய ஊர்ப்பெயர்

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரே கேள்விக்கு இரண்டாம் தரம் பதில் சொல்ல வேண்டி வந்தாலே முகம் சிவந்துவிடும். அப்படிப்பட்ட என்னைத்தான் எங்கள் இணைய அரட்டை அறைக்குப் பொறுப்பாக வைத்திருந்தார்கள். கொழும்பு வெள்ளவத்தைப் பெடியன் பெட்டைகள், லண்டனுக்கும் கனடாவுக்கும் போனவர்கள், விசாவுக்காக லொட்ஜுகளில் காத்துக் கிடந்தவர்கள் என்று பின்னேரமானால் அறை நிறைந்துவிடும். ஆங்கில எழுத்தில் தமிழை அடித்துத் தள்ளுவார்கள். தூஷணம் கொட்டுகிறவனை வெளியே போடுவது, ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் போடுகிறவனின் வாயை அடைப்பது, புதிதாக வருகிறவருக்கு விதிமுறை சொல்வது எல்லாம் என் தலையில். வேலை முடிந்து வந்து தேத்தண்ணிகூடக் குடிக்காமல் இந்தக் கூத்து.

சீ, போதும் என்று ஒரு போட் எழுதினேன். கம்ப்யூட்டர் படித்த திமிர் வேறு. வீட்டுக் கணினியில் ஓடிக்கொண்டு, அறைக்குள் ஓர் ஆளைப் போல நிற்கும் புரோகிராம் அது. ஆச்சரியக்குறி போட்டு ‘வெளியே’ என்று ஒரு பெயரை அடித்தால் அந்த ஆளைத் தூக்கிவிடும். நாங்கள் சொல்லாமலே செய்கிற வேலைகளும் உண்டு. தடை செய்த சொல் ஒன்றை யாராவது எழுதினால் உடனே வெளியே. மூன்றாம் தரமும் எழுதினால் அவர் வருகிற இணைப்புக்கே தடை. எங்கள் அடுக்குமாடி வாசலில் கதிரை போட்டுக் காவல் இருக்கிறவரை நினைத்து அதற்கு ‘வாச்சர்’ என்று பெயர் வைத்தேன். ஆளை விரட்டும்போது சொல்வதற்கு நக்கல் வரிகளும் எழுதிக் கொடுத்தேன். அறை விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அப்படி ஒரு புளுகம், தலைகால் தெரியாத சந்தோஷம்!

தடைச் சொற்களில் ஊர்ப்பெயர்களைச் சேர்த்ததும் நான்தான். எங்கள் ஆட்கள் இருவர் சந்தித்தால் முதல் கேள்வியே ‘நீங்கள் எந்த இடம்?’ என்பது. பெயரை வைத்து ஒருவரையும் பிடிக்க முடியாது. ஒரே பெயரில் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். கோயிலடியா, பள்ளிக்கூடத்தடியா, ஆருடைய மகள் என்று கேட்டால்தான் ஆள் துலங்கும். ஆனால் வன்னியில் சண்டை இறுகிய அந்த நாட்களில், கொழும்புக் காலி வீதியில் அந்தக் கேள்வியை வாய்விட்டுக் கேட்க முடியாது. லொட்ஜுகளில் பொலிஸ் சோதனை. பஸ்ஸை மறித்து அடையாள அட்டை பார்ப்பார்கள். வன்னி விலாசம் என்றால் தனியே நிறுத்துவார்கள். எங்கள் அறையையும் யாரோ வாசிக்கிறார்களாம் என்று கதை அடிபட்டது. ஒருநாள் அப்பா என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார்.

“பிள்ளை, உந்தக் கதையளால வீட்டு வாசலுக்கு ஜீப்பைக் கூப்பிட்டுப்போடாத.”

அன்றைக்கே வன்னி ஊர்ப்பெயர்கள் அத்தனையையும் வாச்சரிடம் ஒப்படைத்தேன். நல்ல வேலை செய்தாய் என்று அறையில் எல்லோரும் எழுதினார்கள்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம், ஒழுங்கை முனையில் நெட் கபே வைத்திருந்த முஸ்லிம் அண்ணர், எங்களுக்கு நானா, எனக்குப் போன் எடுத்தார்.

“என்னா தங்கச்சி இது? ஒங்கட வாச்சர் என்ட கடைக்கே கதவச் சாத்திட்டானே! ஒருத்தருக்கும் ஒங்கட ரூமுக்குப் போக ஏலாம ஈக்கி. கஸ்டமர் எல்லாம் என்னய ஏசுறாங்க.”

அவருடைய கடைக்கு மொத்தமாக ஒரே இணைப்பு. அங்கிருந்து யாரோ மூன்று தரம் தடைச்சொல்லை எழுதியிருக்க வேண்டும். எவனோ ஒரு விசரன், வாய்க்கு வந்தபடி கிழித்துவிட்டு வருவோம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

கடை ஓரத்து மெசினில் ஓர் அக்கா இருந்தார். மடியில் கைப்பையை இறுக்கிப் பிடித்திருந்தார். நானா குரலைத் தாழ்த்தினார்.

“இவங்கதான். பக்கத்து லொட்ஜில ஈக்கிறாங்க. வன்னியில உம்மாவத் தேடுறாங்க. நான்தான் ஒங்கட ரூம்ல கேட்டுப் பாருங்க எண்டு சொன்னேன்.”

நான்தான் அறைக்குப் பொறுப்பு என்று நானா சொன்னதும் அக்கா எழும்பியே விட்டார்.

“மன்னிச்சுக்கொள்ளுங்கோ தங்கச்சி. நான் என்ன பிழையா எழுதினனான் எண்டு எனக்கு விளங்கேல்ல. எழுதின உடன வெளிய போட்டிட்டினம்.”

திரையில் அவர் எழுதியது அப்படியே கிடந்தது. ‘நான் விசுவமடு. பள்ளிக்கூடத்துக்குப் பின்வீடு. அம்மா தனிய இருந்தவ. ஆராவது கண்டனீங்களோ?’ அதன் கீழே என் வரி. ‘ஊர்ப் புதினம் பேச இது சந்தையில்லை. நடையைக் கட்டுங்கோ!’ மூன்று தரமும் அதே.

பக்கத்தில் இன்னொரு சின்னப் பெட்டியும் திறந்திருந்தது. அறை பூட்டப்பட்ட பிறகு அவர் வாச்சருக்குத் தனியே எழுதியிருக்கிறார். ‘தம்பி, கோவிக்காதேங்கோ. ஒரு நிமிஷம் விடுங்கோ. கேட்டிட்டுப் போயிடுறன்.’

‘கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. எனக்குக் கட்டளை மட்டும்தான் விளங்கும்.’

‘உங்களுக்கும் ஒரு அம்மா இருப்பாதானே தம்பி.’

‘கெஞ்சிப் பிரயோசனம் இல்லை. எனக்குக் கட்டளை மட்டும்தான் விளங்கும்.’

பெட்டி நிறைய இப்படித்தான். அந்த வரியை எழுதி, சிநேகிதிக்கு வாசித்துக் காட்டி வயிறு நோகச் சிரித்தவள் நான். அக்காவின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. பக்கத்துக் கதிரையை இழுத்துப் போட்டு, கடைக்கு இருந்த தடையை நீக்கி அறைக்குள் போனேன். அதே சிநேகிதி உள்ளே நின்றாள்.

‘எங்க போனனீ? அந்த அக்காவுக்கு ஒருத்தர் பதில் எழுதினவர். விசுவமடு ஆக்கள் கொஞ்சப்பேர் வவுனியா ஆஸ்பத்திரியில, அதில ஒரு அம்மா எண்டு போட்டார். அவரும் ஊர்ப்பேர் எழுதினவர்தானே, மிச்சம் சொல்ல முன்னம் வாச்சர் தூக்கிப்போட்டான்.’

“அதில ஒரு அம்மா” என்று அக்கா வாய்விட்டு வாசித்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். அந்தப் பிடியை விடவில்லை.

வாச்சரின் தடையிலிருந்து ஓர் ஊரை நீக்க, அந்த ஊரின் பெயரை நானே அடிக்க வேண்டும். ‘!நீக்கு விசுவமடு.’ அப்பா சொன்ன ஜீப் கண்ணுக்குள் வந்தது. அடித்தேன். பிறகு, உள்ளே வருகிற ஒவ்வொருவருக்கும் வணக்கம் சொல்வதற்குப் பதிலாக அக்காவின் கேள்வியைக் கேட்கும்படி வாச்சரை மாற்றினேன். உனக்கென்ன விசரா, எங்களையும் மாட்டிவிடப் போறியா என்று ஏசிவிட்டுச் சிலர் வெளியேறினார்கள். இதில் என் வீரம் ஒன்றுமில்லை. அக்காவின் கை என் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

பதில் எழுதிய அந்த மனிதர் அன்றைக்கு வரவில்லை. அக்கா கடை பூட்டும்வரை இருந்துவிட்டுப் போனார். மறுநாள் நானா கடையைத் திறக்க முன்பே வாசலில் வந்து நின்றாராம். பின்னேரம்தான் அந்த மனிதர் அறைக்கு வந்தார். சுவிஸில் இருக்கிறவர்; அவருடைய தமக்கையும் அந்த அம்மா இருக்கும் வார்டில்தான். உடனே நம்பவில்லை, ஊர்க்காரர் கேட்கிற மாதிரியே கேட்டார்.

‘பள்ளிக்கூடத்துக்குப் பின்னால எண்டால், கிணத்தடியில மாதுளை நிக்கிற வீடோ?’

“ஓம், ஓம் எண்டு போடுங்கோ பிள்ளை, ஓம் எண்டு போடுங்கோ!”

அம்மாவுக்குக் காலில் காயமாம். கதைக்கிறாவாம். மகள் வெள்ளவத்தையில் என்று வார்டில் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறாவாம். அக்கா முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். நானா ஒரு கோப்பை பிளேன்ரீ கொண்டுவந்து வைத்தார்.

போகும்போது அக்கா வாசலில் நின்று திரும்பினார்.

“அந்த வாச்சர் தம்பி இண்டைக்கு நிக்கிறாரோ?”

“ஏனக்கா?”

“பாவம், நேற்று அவருக்கு நல்லா ஆக்கினை குடுத்திட்டன். அவருக்கும் ஆரும் ஏசுவினம் எண்ட பயம் இருக்கும்தானே. நான் கோவிக்கேல்ல எண்டு ஒருக்கால் சொல்லிவிடுங்கோ.”

‘அது வெறும் மெசின், அக்கா’ என்று நாக்கு நுனிவரை வந்தது. அப்படிச் சொன்னால், அந்த வார்த்தைகளை எழுதியது ஆர் என்று கேட்பார். நானா என்னைப் பார்த்தார். பிறகு தலையைக் குனிந்து ஹெட்போன் வயர்களைச் சுற்றத் தொடங்கினார்.

“சொல்லுறன் அக்கா” என்றேன்.