பிரெஷியா போகாத வண்டி

1956, தை மாதம். பொங்கல் விடுமுறையில் சித்தன்னவாசல் பார்க்கலாமென்று தஞ்சாவூரிலிருந்து கிளம்பினேன். நான் பள்ளியில் பூகோளம் நடத்துபவன்; லீவு கிடைத்தால் ஊர் சுற்றுவேன். புதுக்கோட்டை பஸ்ஸுக்கு டிக்கெட் ஒரு ரூபாய் இரண்டணா. பதினைந்து மைல் ஓடி, கந்தர்வக்கோட்டையில் ரேடியேட்டர் ஒழுகி பஸ் நின்றுவிட்டது. அடுத்த பஸ் ஒன்பதரைக்குத்தான் என்றார் கண்டக்டர்.

மணி 7.20. காப்பி குடித்துவிட்டுத் திரும்பும்போது முந்திரிக் கிடங்கு ஒன்றின் முன்னே கூட்டம் தெரிந்தது. நடுவில் தாழ்வான, கூரையில்லாத சிவப்பு மோட்டார், இரண்டே இருக்கை. பக்கத்தில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் எஞ்சினைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெயர் ஆரோக்கியம், ஆவூர்க்காரர், மோட்டார் மெக்கானிக். வயது ஐம்பதுக்கு மேலிருக்கும்.

“எந்த ஊர் வண்டிங்க?” என்று கேட்டேன்.

“இத்தாலிங்க சார். யுத்தத்துக்கு முந்தி நானும் அங்கிட்டு இதுல ஒக்காந்து போனவன்தான்.”

கூட்டத்தில் ஒருவர் சிரித்தார். ஆரோக்கியம் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

விவரம் கேட்டேன். அவருடைய முதலாளி உடையப்பன், செட்டிநாட்டுக்காரர். லண்டனில் படிக்கும்போது இந்த வண்டியை வாங்கி, இத்தாலியில் நடக்கும் ஆயிரம் மைல் பந்தயத்தில் ஓட்டினார். பிரெஷியா நகரில் தொடங்கி, ரோமாபுரி போய், மறுபடி பிரெஷியாவுக்கே வர வேண்டும். பக்கத்து இருக்கையில் மெக்கானிக்காக ஆரோக்கியம். முடிய இருபத்துநான்கு மைல் இருக்கையில் பின்சக்கரம் கழன்று வண்டி வயலில் இறங்கியது. மீதித் தூரத்தை நாற்பது நிமிடத்துக்குள் கடந்திருந்தால் பந்தயத்தை முடித்தவர்கள் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும். கப்பலில் வந்த வண்டி, யுத்தத்தின் பெட்ரோல் பஞ்சத்தில் இந்தக் கிடங்குக்குள் போனதுதான். ‘ஓடுமானால் புதுக்கோட்டைக்குக் கொண்டு வா, பார்க்கிறேன்’ என்று முதலாளி கடிதம் போட்டிருந்தார். நான்கு மாதமாக வேலை பார்த்து ஓட வைத்திருக்கிறார் ஆரோக்கியம்; இன்று காலை புதுக்கோட்டை எல்லைக்கல்லுக்கு வரும்படி முதலாளிக்கும் எழுதியிருந்தார்.

“இங்கேருந்து புதுக்கோட்டை எல்லைக்கல்லும் இருபத்துநாலு மைல்தாங்க. நாப்பது நிமிஷத்துல போயிரணும்னு ஒரு எண்ணம். கடியாரம் பாத்துச் சொல்ல ஆள் வேணும். வாரீங்களா சார்?”

பஸ்ஸிலிருந்து என் பையை எடுத்துக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மணி 7.50. எஞ்சின் போட்ட சத்தத்தில் கூரைமேலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பிவிட்டன. சிரித்தவர் நாலடி பின்வாங்கினார். முந்திரித் தோப்புகள் இருபுறமும் பச்சைச் சுவராக ஓடின. காற்று கண்ணில் அறைந்தது. எதிரே வந்த வைக்கோல் வண்டிக்கு வழிவிட்டுப் புழுதியில் இறங்கி ஏறியபோது நான் கதவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். ஆரோக்கியத்தின் முகத்தில் சலனமே இல்லை.

மணி 8.03, ஆதனக்கோட்டை. ஒன்பது மைல் தாண்டியிருந்தோம். பின்னாலிருந்து ‘டொக், டொக்’ என்று மெல்லிய சத்தம். எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆரோக்கியம் வண்டியை ஓரங்கட்டிவிட்டார்.

“நேரம் போகுதே,” என்றேன்.

“போகட்டுங்க.” ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கி, நடுவிலிருந்த பெரிய மரையைச் செப்புச் சுத்தியலால் அடித்து இறுக்கினார். அடித்துக்கொண்டே சொன்னார்: “அன்னிக்கும் இதே சத்தந்தான். வெரோனாங்கிற ஊர்லயே எனக்குக் கேட்டுச்சு. மொதலாளி போற வேகத்துல நிறுத்தச் சொன்னா கோவிப்பாரோன்னு வாயை மூடிக்கிட்டேன். அதுக்கப்புறம் பதினெட்டு மைல்ல சக்கரம் போச்சு. இன்னிய வரைக்கும் அவர்கிட்ட சொல்லல.”

மணி 8.10. இன்னும் பதினைந்து மைல். கையில் இருபது நிமிடம். அதன்பின் அவர் ஓட்டிய ஓட்டத்தை எழுத எனக்குத் தெரியவில்லை. பெருங்களூர் கடைவீதியில் மட்டும் வேகத்தைக் குறைத்தார். கண்மாய்க்கரை வளைவில் ஆட்டு மந்தை குறுக்கே வர, நின்று, கடைசி ஆடும் கடந்தபிறகே கிளம்பினார். நான் நிமிடத்தைக் கத்திக்கொண்டே வந்தேன். சத்தம் மறுபடி கேட்கவே இல்லை.

மணி 8.28. எல்லைக்கல். வெள்ளை வேட்டியும் கறுப்புக் கண்ணாடியுமாக ஒருவர் குடை பிடித்துத் தனியாக நின்றார். உடையப்பன் அவர்தான்.

“முப்பத்தெட்டு நிமிடம்,” என்றேன்.

ஆரோக்கியம் இறங்கி, தலைத்துணியை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். “மொதலாளி, வெரோனாவுலயே சக்கரத்துல சத்தம் கேட்டுச்சுங்க. நான் சொல்லாம இருந்துட்டேன்.”

உடையப்பன் குடையை மடக்கினார். “எனக்கும் கேட்டுச்சு, ஆரோக்கியம். நேரம் போயிரும்னு நான்தான் நிறுத்தல. ஒனக்குக் கேக்கலைன்னு நெனச்சு, நானும் சொல்லாம மறைச்சிட்டு, இத்தனை வருஷம் ஒன் மொகத்தைப் பாக்கக் கூசிக்கிட்டு இருந்தேன்.”

பிறகு ஆரோக்கியம் ஓட்டுநர் இருக்கையைக் காட்டி, “ஏறுங்க மொதலாளி,” என்றார். அவர் தலையசைத்து மறுத்துவிட்டு, சுற்றி வந்து, நான் இறங்கிய மெக்கானிக் இருக்கையில் உட்கார்ந்தார்.

“நீயே ஓட்டு. ராஜவீதி நாலையும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். ஊரு பாக்கட்டும்.”

ஹாரனை அழுத்தியபடி அவர்கள் போனார்கள். சைக்கிள்காரர்கள் இறங்கி நின்று பார்த்தார்கள். நான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊருக்குள் நடந்தேன். அன்று சித்தன்னவாசல் போனேன். ஓவியங்கள் அழகாகத்தான் இருந்தன, மனம் அதில் நிற்கவில்லை.

விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் வகுப்புச் சுவரிலிருந்த ஐரோப்பாப் படத்தில் பிரெஷியாவைத் தேடினேன். சின்னக் கறுப்புப் புள்ளி. அதன்மேல் விரலை வைத்து, அங்கே போய்ச் சேராத இரண்டு பேர் புதுக்கோட்டைக்கு வந்துசேர்ந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொன்னேன். மணி அடித்தபிறகும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.