புரட்டாசி இல்லாத கட்டுரை

எம்பிஏ நுழைவுத்தேர்வுக்காகத் தினமும் ஒரு கட்டுரை எழுதிப் பழகுகிறேன். ஒரு வாதத்தைக் கொடுப்பார்கள், அதிலுள்ள ஓட்டைகளைச் சொல்ல வேண்டும். திருத்துவது கணினி. மதிப்பெண் வரும், வேறு பேச்சு வராது.

இன்று நாமக்கல்லிலிருந்து சேலம் போகும் பஸ்ஸிலும் எழுதினேன். பக்கத்தில், கோழிப்பண்ணை வேலை முடித்து வந்த ஓர் அக்கா.

"ஏஞ்சாமி, என்ன எழுதிட்டே வாரீங்க?"

இன்றைய வாதத்தைச் சொன்னேன். சமையல்காரரை மாற்றிய மாதமே ஓட்டலில் முட்டை விற்பனை பாதியானது, ஆகவே புதியவர் சரியில்லை.

"அது எந்த மாசமுங்க? புரட்டாசின்னா யாருங்க முட்ட தின்பாங்க? பாவம், அந்தாளு என்ன பண்ணுவான்?"

என் நான்கு பத்திகளில் புரட்டாசியே இல்லை. இத்தனைக்கும் நான் நாமக்கல்காரி.

என் கட்டுரையைப் பற்றி ஒரு மனுஷி கேட்டது இதுதான் முதல்முறை. மற்றதையும் காட்டலாமென்று பக்கத்தைத் திருப்பினேன். அதற்குள் ராசிபுரம் வந்துவிட்டது.

"வாரேன் சாமி."

நாளைய வாதத்தை நானே எழுதிவிட்டேன்: "நண்பர்கள் எல்லோருக்கும் வேலை அதிகம். அதனால்தான் யாரும் என்னைக் கூப்பிடுவதில்லை."

ஓட்டை எங்கே என்று கமெண்டில் சொல்லுங்கள். எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லுங்கள்.