பின்சீட்டுக்கு வந்த குளிர்

வாரத்தில் மூன்று நாள் என் அக்காவை சிம்பாங் பூலாயிலிருந்து பத்து காஜா டவுனுக்கு டயாலிசிஸ் செய்யக் கூட்டிப்போவேன். சிறுநீரகம் போனவர்களுக்குத் தண்ணீர் அளவுதான். அக்காவுக்கு ஒரு நாளைக்கு மூன்று கிளாஸ். அதைப் போத்தலில் ஊற்றி மடியில் வைத்துக்கொண்டு, பின்சீட்டில் காலை நீட்டி உட்காருவாள். பகல் வெயிலில் வியர்த்துக் கொட்டும், தாகம் எடுக்கும். போய்ச் சேர்வதற்குள் பாதிப் போத்தல் காலி. மிச்சப் பொழுதுக்கு நாக்கை நனைத்துக்கொள்வதோடு சரி.

காரணம் என் காரின் ஏர்கோன். முன்னால் இருக்கும் எனக்கு ஏதோ கொஞ்சம் குளிர் வரும். பின்னால் ஒன்றுமே போகாது. நானும் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு தடவை ஏர்கோனுக்குக் கேஸ் அடித்துக்கொண்டேதான் இருந்தேன். ஒருநாள் அக்கா கண்ணாடியை இறக்கியபோது கத்திவிட்டேன்.

“கண்ணாடிய தொறந்துவச்சா ஏர்கோன் எப்படி குளிரும்? கொஞ்சம் பொறுத்துக்கக் கூடாதா?”

“சரி தம்பி, மூடிட்டேன்” என்றாள். அப்புறம் அவள் அதைத் தொடவேயில்லை.

இதில் கேவலம் என்னவென்றால், கோளாறு இன்னதென்று ஒரு வருடத்துக்கு முன்பே ஒருவன் என்னிடம் சொல்லியிருந்தான். நான் வழக்கமாகப் போகும் வொர்க்‌ஷாப்காரன். டேஷ்போர்டு டிராயருக்குப் பின்னால் ஏர்கோன் ஃபில்டர் இருக்கிறது, அடைத்துப்போயிருக்கும், மாற்றிவிடலாம் என்றான். எனக்குத்தான் வாய் நீளமாயிற்றே. “யாருகிட்ட கதை விடுற? காசு புடுங்க வேற ஆள பாருலா” என்று நாலு பேர் முன்னால் கேட்டுவிட்டு, வேறு கடைக்குப் போய் கேஸ் அடித்தேன். அதை அக்காவிடம் பெருமையாக வேறு சொன்னேன்.

போன மாதம் அந்த வேறு கடை பூட்டிக் கிடந்தது. வழியில்லாமல் பழையவனிடமே போனேன். அவன் டிராயரைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஃபில்டரை உருவினான். பாத்திரம் தேய்த்துத் தேய்ந்த நார் மாதிரி கறுப்பாக வந்தது. சருகு, முடி, பல்லி முட்டை ஓடு.

“கேஸ் பெட்ரோல் மாதிரி தீர்ந்து போறதில்ல அண்ணே. லீக் இருந்தாத்தான் குறையும். உங்களுக்கு லீக்கே இல்ல. குளிரு உள்ளதான் இருக்கு, காத்து வர்றதுக்குத்தான் வழியில்ல.”

பழைய பேச்சை அவன் எடுக்கவேயில்லை. எடுத்திருந்தால் பதிலுக்குச் சண்டையாவது போட்டிருப்பேன். ஐந்து நிமிட வேலை. நான் ஒரு தடவை கேஸுக்குக் கொடுத்ததைவிடக் குறைவான காசு. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது.

மறுநாள் பாதி வழியிலேயே அக்கா துண்டை எடுத்துத் தோளில் போர்த்திக்கொண்டாள்.

“என்னப்பா, இப்படி குளிருது? என்ன பண்ண?”

“பெரிய வேலைக்கா. எல்லாத்தையும் கழட்டிப் பாத்தாங்க.”

“எனக்காகவா இவ்ளோ செலவு பண்ண?”

கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்க்காமல், “பின்ன யாருக்கு?” என்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் சாட்சி சொல்லும் நேரம் வந்தது. கர்த்தர் செய்த நன்மையை அவரவர் எழுந்து சொல்வார்கள். அக்கா ஒருநாளும் சொன்னதில்லை. அன்று முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

“நான் தாகத்துல கஷ்டப்படுறத என் தம்பியால பாக்க முடியல. நான் வாயத் தொறந்து கேக்கல. அவனே கார சரி செஞ்சு குடுத்தான். இப்படி ஒரு தம்பிய கர்த்தர் எனக்குக் குடுத்திருக்காரு.” குரல் உடைந்து உட்கார்ந்துவிட்டாள்.

சபை முழுக்க “ஸ்தோத்திரம்” என்றது. போதகர் என்னைக் கண்ணால் தேடிப் பிடித்துச் சிரித்தார்.

“தம்பி எழுந்து நில்லுங்க. நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க.”

ஒரு வருடம் அவளைத் தாகத்தில் வாட்டியது நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல இடம் இல்லை. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

எழுந்து நின்றேன். கைகூப்பி, “எல்லாம் கர்த்தர் கிருபை” என்றேன்.