சைவ மெஸ்ஸுக்குப் போன கருவாடு

போன மாதம் போர்ட் பிளேரில் நடந்த விவசாயிகள் கூட்டத்தில் மேடை நடுவில் உட்கார்ந்திருந்தாரே, வெள்ளைப் புடவை கட்டிய அம்மா, அவர் என் அத்தை. அப்பாவின் கூடப்பிறந்த அக்கா. இன்றைக்கு மாயாபந்தர் முதல் போர்ட் பிளேர் வரை எத்தனையோ விவசாயிகளின் காய்கறி அவருடைய கம்பெனி வழியாகத்தான் போகிறது. மெயின்லேண்டிலிருந்து அதிகாரிகள் வந்து அவரிடம் யோசனை கேட்டுப் போகிறார்கள். அவர் பேசி முடித்ததும் எல்லோரும் எழுந்து கை தட்டினார்கள். நான் கொஞ்சம் அதிகமாகவே தட்டினேன். அவர் முதன்முதலில் வியாபாரம் பேசப் போன நாளில் கூட இருந்தவன் நான். அந்தக் கதையைத்தான் எழுதுகிறேன்.

எங்கள் குடும்பம் இலங்கைத் தேயிலை மலையிலிருந்து வந்து, இங்கே ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்த குடும்பம். அத்தை மட்டும் அந்த வேலையை விட்டுவிட்டு மாயாபந்தர் பக்கம் குத்தகை நிலத்தில் வெண்டையும் வெள்ளரியும் போட்டார். காய்கறி நன்றாகத்தான் வந்தது. வாங்க ஆள்தான் இல்லை. போர்ட் பிளேரில் எல்லோரும் மெயின்லேண்ட் கப்பலில் வரும் காயையே நம்பியிருந்தார்கள். அங்கே ஜங்லிகாட்டில் இருந்த ஒரு பெரிய சைவ மெஸ்காரர் மட்டும், “ஒரு தடவை கொண்டு வாங்க, பாப்போம்” என்று சொல்லி அனுப்பியிருந்தார். அவரும் வேண்டாம் என்றுவிட்டால் நிலத்தை விட்டுவிட்டு மறுபடி ரப்பர் வெட்டத்தான் போக வேண்டும் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

கப்பலில் சரக்கு ஏற்ற இடம் கிடைப்பது லேசில்லை. அதெல்லாம் காண்ட்ராக்டர்களுக்குத்தான். ஆனால் பயணி ஒவ்வொருவரும் ஒரு மூட்டை கையோடு கொண்டுபோகலாம். அத்தை இதைப் பிடித்துக்கொண்டார். விடிகாலையில் மாயாபந்தர் ஜெட்டியில் நின்று, கையை வீசிக்கொண்டு வருகிறவர்களாகப் பார்த்து மறித்தார்.

“பையா, ஹாத் காலி ஹை க்யா?”

கை காலிதான் என்று தலையாட்டியவர் தோளில் மறு நிமிடம் ஒரு மூட்டை ஏறியது. தெலுங்குக்காரர், மலையாளி, ராஞ்சிக்காரர் என்று யாரையும் விடவில்லை. அடையாளத்துக்கு மூட்டை வாய்களில் தன் பழைய பச்சைப் புடவையைக் கிழித்துக் கட்டியிருந்தார். ஒவ்வொருவரிடமும் இது ஜங்லிகாட் சைவ மெஸ்ஸுக்குப் போகிறது, மெஸ்காரர் எடுத்தால்தான் எனக்குப் பிழைப்பு என்று ஒளிக்காமல் சொன்னார். முன்பின் தெரியாதவர்களிடம் இவ்வளவு எதற்கு என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

கடைசி மூட்டை ஒரு வயதான வங்காளிக்குப் போனது. வங்காளிகள் அண்ணனைத் தாதா என்பார்கள், நாங்களும் அவரை அப்படியே கூப்பிட்டோம். அவரிடமும் சொந்தமாக ஒரு சாக்கு இருந்தது. கப்பலில் அந்தச் சாக்கின் கயிறு அறுந்துபோக, அவர் எங்கள் பச்சைத் துணியில் பாதியைக் கிழித்துத் தன் சாக்கையும் கட்டிக்கொண்டார். அது எங்களுக்கு அப்போது தெரியாது.

போர்ட் பிளேரில் இறங்கும்போது நல்ல மழை. பச்சைத் துணி கட்டிய மூட்டைகளை ஆட்டோக்காரர் அவசர அவசரமாக ஏற்றினார். கப்பலில் பாதிப் பேர் கருவாடு கொண்டுவந்திருந்ததால் எங்கள் மூக்கு அந்த வாசத்துக்கே பழகிப்போயிருந்தது. மெஸ்ஸின் சமையலறையில் முதல் மூட்டையைப் பிரித்துக் கொட்டியபோதுதான் தெரிந்தது. சாம்பிராணி மணந்த அந்தச் சுத்தமான தரையில் சரசரவென்று கருவாடு.

சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடிவிட்டார். மெஸ்காரர் தூத்துக்குடிப் பக்கத்து ஆள். குனிந்து பார்த்தார்.

“என்னம்மா இது?”

“கருவாடுங்க அண்ணாச்சி.”

“அது எனக்கும் தெரியுது. வாசல்ல போர்டு பாத்தீகளா?”

“பாத்தேன். வெண்டிக்கா மூட்ட கை மாறிப் போச்சு. வந்துரும்.”

“யார்கிட்ட மாறிச்சு?”

“ஒரு தாதாகிட்ட.”

“பேரு?”

“கேக்கலங்க.”

மெஸ்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். “பேரு தெரியாத ஆளு கொண்டு வந்துருவான்னு நிக்கிறீகளே. மெயின்லேண்ட் சரக்கு லேட்டா வரும்மா. கருவாடா மாறி வராது.”

“அந்த மனுசன் வராம இருக்க ஏலாது அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க.”

மற்ற மூட்டைகளில் வெள்ளரிதான், அவற்றை மெஸ்காரர் பிரிக்கவே விடவில்லை. அத்தை கருவாட்டை அள்ளிக் கட்டினார். வாளியில் தண்ணீர் வாங்கித் தரையைத் தானே கழுவினார். பிறகு மழைக்கு ஒதுங்கியவரைப்போல வாசலில் நின்றுகொண்டார். நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஊருக்குப் போய் அப்பாவிடம் என்ன சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ராத்திரிச் சமையலுக்கு அடுப்பு பற்றவைத்துவிட்டார்கள். மெஸ்காரர் உருளைக்கிழங்கு எடுக்கச் சொல்லிக் குரல் கொடுத்தார். அப்போது வாசலில் ஓர் ஆட்டோ வந்து நின்றது. தாதா சொட்டச் சொட்ட நனைந்து இறங்கினார். தோளில் எங்கள் மூட்டை.

“தீதி, ஆப்கா பிண்டி”, அக்கா, உங்கள் வெண்டைக்காய் என்றபடி இறக்கி வைத்தார். அவர் வீடு கடலுக்கு அந்தப் பக்கம், பம்பூஃபிளாட்டில். வீட்டில் மூட்டையைப் பிரித்ததும் மனைவி போட்ட சத்தத்தில், உடனே படகேறி இந்தப் பக்கம் சாத்தம் துறைக்கு வந்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஒவ்வொரு மெஸ்ஸாக விசாரித்து வந்திருக்கிறார்.

மெஸ்காரர் அவரிடம் இந்தியில், இந்த அம்மா எவ்வளவு கூலி தருவதாகச் சொன்னார் என்று கேட்டார். தாதாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

“தீதி கா காம் ஹை. கூலி காய் கா?”

அக்கா வேலைக்குக் கூலி வாங்குவார்களா என்று கேட்டுவிட்டு, தன் கருவாடு எங்கே என்று தேட ஆரம்பித்தார். அது போய்ச் சேராமல் வீட்டில் சோறு கிடையாதாம்.

நனைந்த சட்டையோடு கருவாடு தேடும் தாதாவை மெஸ்காரர் மேலும் கீழும் பார்த்தார். பிறகு அத்தையிடம் திரும்பினார்.

“ஏம்மா, இனிமே கப்பல் வார அன்னைக்கெல்லாம் உங்க காயையே போடுங்க. மெயின்லேண்ட்காரன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன்.”

ஊர் திரும்பியதும் நான் பள்ளிக்கூடத்தில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். எங்கள் அத்தையின் வெண்டைக்காய் மெயின்லேண்ட் வெண்டைக்காயைத் தோற்கடித்துவிட்டது என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படி ஒரு காய் தீவிலேயே கிடையாது என்றேன். நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

சந்தையில் வெண்டைக்காய் எடுக்கிறவர்கள் நுனியை ஒடித்துப் பார்க்காமல் எடுப்பதில்லை. அன்றைக்கு மெஸ்காரர் அந்த மூட்டையிலிருந்து ஒரு காயைக்கூட ஒடித்துப் பார்க்கவில்லை. மூட்டையின் வாயைக்கூட அவிழ்க்கச் சொல்லவில்லை. அவர் பார்த்தது தாதாவை மட்டும்தான். பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது உறைக்கவே இல்லை.