நூற்றைம்பதில் ஒன்று

தம்பி மனைவிக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. முதல் குழந்தை. வழக்கமாக எல்லோருக்கும் எடுக்கும் ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்தார்கள். இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வந்தது. இரண்டாம் பக்கத்தில் ஆபத்து அதிகம் என்று ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்தில் அச்சாகியிருந்தது. பக்கத்திலேயே ஓர் எண்: 1:150. குழந்தைக்கு டவுன் சிண்ட்ரோம் இருக்கக்கூடும், இன்னும் நான்கு வாரம் கழித்து வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குடத் தண்ணீர் எடுத்துப் பார்த்தால் உறுதியாகத் தெரிந்துவிடும், வேண்டுமா வேண்டாமா என்று யோசித்துச் சொல்லுங்கள் என்று டாக்டரம்மா பொறுமையாகத்தான் விளக்கியிருக்கிறார். இவர்கள் இரண்டு பேர் காதிலும் எதுவும் ஏறவில்லை. சிவப்பு எழுத்து மட்டும் கண்ணில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தது.

எங்கள் வீடு முத்தியால்பேட்டையில். கீழே நான், மாடியில் தம்பியும் அவன் மனைவியும். என் கணவருக்குக் காரைக்காலில் வேலை, வாரக் கடைசியில்தான் வருவார். நான் பள்ளிக்கூடத்தில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன்.

தம்பி எங்கள் ஊர் மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு மாத்திரைக் கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருக்கிறான். கடவுள் என்ற பேச்சை எடுத்தாலே அவன் முகம் இறுகிவிடும். காரணம் இருந்தது. நாங்கள் படித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்பாவுக்குக் காமாலை வந்தது. மந்திரித்துக் கயிறு கட்டியதிலேயே மூன்று வாரம் போய்விட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நேரம் கடந்திருந்தது. அன்றிலிருந்து வீட்டில் யார் எந்தக் கோயில் பிரசாதம் நீட்டினாலும் அவன் கை நீளாது. நான் நெற்றியில் திருநீறு வைத்திருந்தால், "கணக்கு டீச்சர், நெத்திய தொடைச்சிட்டுப் போ" என்பான். பாதி கிண்டல், பாதி நிஜம்.

அவன் காதலித்துக் கட்டிக்கொண்டதோ வீராம்பட்டினத்துப் பெண்ணை. அவள் அம்மா மீன் வியாபாரம் செய்கிறவர். கல்யாணம் ஆகும்வரை இவளும் விடிகாலையில் கரைக்குப் போய் ஏலத்தில் மீன் எடுத்து, அம்மாவோடு மார்க்கெட்டில் உட்கார்ந்து விற்றவள்தான். பிளஸ் டூ வரை படித்தவள். அவளுக்கு ஊர் அம்மன் சாமி மட்டுமில்லை, வீட்டில் ஓர் ஆள் மாதிரி. கடலுக்குப் போனவர்கள் திரும்பினால் அம்மன் கூட்டி வந்தாள். திரும்பாவிட்டாலும் போய் நின்று அழுவது அங்கேதான்.

இந்த இரண்டு பேருக்கும் கல்யாணமாகி நாலு வருடம் பெரிய சண்டை வரவில்லை. ரிப்போர்ட் வந்த அன்று வந்தது. மாடியிலிருந்து சத்தம் கேட்டு நான் ஏறிப் போனேன்.

"ஊசி போட்டுத்தான் ஆவணும். ரிப்போர்ட்டு பொய் சொல்லாது" என்று கத்திக்கொண்டிருந்தான் தம்பி.

"நான் போட்டுக்க மாட்டேன். அம்மன் குடுத்த புள்ள. அவ பாத்துப்பா" என்றாள் அவள், கட்டில் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு.

"எங்கப்பாவையும் அப்படித்தான் பாத்துக்கிட்டாங்க!"

நடுவில் புகாமல் நான் இறங்கி வந்துவிட்டேன். அதற்காக இன்றுவரை எனக்கு வருத்தம் உண்டு.

ஒரு வாரம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. தம்பி வேலைக்குக் கிளம்பும்போது என்னிடம் வந்து, "நீ சொன்னா கேப்பாக்கா. கணக்கு தெரிஞ்சவ நீ. புரியவெச்சு ஊசிக்கு சம்மதிக்க வையி" என்பான். அவன் போனதும் அவள் இறங்கி வருவாள். "அண்ணி, நீங்க சாமி கும்புடறவங்கதான? அவருகிட்ட நீங்க சொல்லுங்க" என்பாள். இரண்டு பேருமே என்னைத் தங்கள் பக்கம் என்று நினைத்தார்கள். உண்மையில் எனக்கு இரண்டு பக்கமும் பயமாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் நிகழ்தகவு பாடம் எடுக்கும்போது, பையில் ஐந்து சிவப்புப் பந்து, மூன்று கறுப்புப் பந்து என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வாரம் கரும்பலகையில் அதை எழுதும்போது எனக்குச் சாக்பீஸ் இரண்டு முறை உடைந்தது.

சனிக்கிழமை மதியம் ஆசிரியர் ஓய்வறையில் தனியாக உட்கார்ந்து அந்த ரிப்போர்ட்டின் நகலை எடுத்துப் பார்த்தேன். ஒரு வாரமாக நானும் அந்தச் சிவப்பு எழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இருபது வருடமாகக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறவள், எண்ணைப் படிக்காமல் எழுத்தைப் படித்துப் பயந்திருக்கிறேன். மறுபடி படித்தேன். நூற்றைம்பதில் ஒன்று. நெஞ்சில் அழுத்திக்கொண்டிருந்த ஏதோ ஒன்று கொஞ்சம் நகர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேரையும் கீழே கூப்பிட்டேன். டீ போட்டு வைத்துவிட்டு ஒரு கட்டம் போட்ட நோட்டை விரித்தேன். வரிசைக்குப் பதினைந்து புள்ளி, பத்து வரிசை வைத்தேன். நான் வைத்து முடிக்கும்வரை இருவரும் எதிரெதிர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் ஒரே ஒரு புள்ளியைச் சுற்றி வட்டம் போட்டேன்.

"இது கோலமா அண்ணி?" என்றாள் அவள்.

"நூத்தம்பது பொம்பளைங்க. ஒவ்வொருத்தி கையிலயும் உன் ரிப்போர்ட்டு. அதே சிவப்பு எழுத்து, அதே நம்பரு. அதுல ஒருத்திக்குத்தான் டாக்டரம்மா சொன்ன மாதிரி குழந்தை. மீதி நூத்தி நாப்பத்தொம்பது பேருக்கு அது இல்ல."

அவள் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். விரலால் வரிசை வரிசையாகத் தடவிக்கொண்டே போனாள். "இத்தினி பேரா?"

"இத்தினி பேரு."

"அப்ப ஏன் ஆபத்துன்னு போட்டாங்க?"

"மத்தவங்களுக்கு இன்னும் கம்மியா இருக்கும். அதோட பாத்தா இது அதிகம். கவனிச்சுப் பாருன்னு அர்த்தம். இருக்குன்னு அர்த்தம் இல்ல."

அவள் நோட்டிலிருந்து விரலை எடுத்தாள். பிறகு சொன்னாள்: "இது மீன மோந்து பாக்கற மாதிரி. புள்ளயப் போயி மீனோட சேக்கறேன்னு நெனைக்காதீங்க. ஏலத்துல கூடைய மொதல்ல மோந்துதான் பாப்போம். ஒரு மாதிரி வாடை அடிச்சா செவுளத் தூக்கிப் பாப்போம். முக்காவாசி நேரம் செவுளு செவப்பா நல்லாத்தான் இருக்கும். மோந்ததுக்கே யாரும் மீனக் கொட்டிட மாட்டாங்க."

நான் தம்பியைப் பார்த்தேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, "எங்க லேப்புலயும் அதான்" என்றான். "மொத டெஸ்ட்டுல ஒரு பேட்ச் சந்தேகமா வந்தா தனியா எடுத்து வெப்போம். ரெண்டாவது டெஸ்ட்டு போடாம எதையும் தள்ள மாட்டோம்."

"தெரியுமில்ல? அப்பறம் ஏன் அன்னிக்கு அப்படிக் கத்துனீங்க?" ஒரு வாரத்துக்குப் பிறகு அவள் அவனிடம் நேராகப் பேசியது அதுதான்.

"மாத்திரை எம் புள்ள இல்லியே" என்றான்.

அவள் டீயை எடுத்து அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள். அதோடு முடிந்துவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவள் நோட்டை மூடவில்லை. வட்டம் போட்ட புள்ளியின் மேல் விரலை வைத்து, "அண்ணி, இந்த ஒருத்தி யாரு?" என்று கேட்டாள்.

"தெரியாதும்மா."

"நானா இருந்தா? ஏன் நானு?"

வகுப்பில் இந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. "கணக்கு எத்தன பேருன்னு சொல்லும். யாருன்னு சொல்லாது. ஏன்னு கேட்டா வாயே தெறக்காது" என்றேன்.

"அந்த எடத்துலதான் நான் அம்மன்கிட்டப் பேசறேன்" என்றாள்.

தம்பி வழக்கம்போல ஏதாவது சொல்வான் என்று பயந்தேன். அவன் மெதுவாகத்தான் கேட்டான். "அம்மன் சரி பண்ணிடுவாங்கன்னுதான் ஊசி வேணாங்கறியா?"

"இல்ல. ஊசி போட்டு, அப்படித்தான்னு தெரிஞ்சுட்டா, நீங்க புள்ளய வேணான்னுடுவீங்க. அதுக்குத்தான்."

ஒரு வாரமாக நானும் தம்பியும் அவள் அறிவியலைப் பார்த்துப் பயப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். அவள் பயந்தது அவனைப் பார்த்து.

அவளே தொடர்ந்தாள். அவளுடைய சித்தி ஒருத்தி பிறவியிலேயே அப்படித்தான். வயது நாற்பதை நெருங்குகிறது. பேச்சு கொஞ்சம் குழறும், காசு எண்ணத் தெரியாது. ஆனால் இறால் தரம் பிரிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை. தெருவில் யார் வீட்டு விசேஷமானாலும் முதலில் போய் ஆடுவது அவள்தான். "எங்க சித்தி மாதிரி பொறந்தா எனக்கு இன்னா? எம் புள்ளதான? கஷ்டந்தான். இல்லன்னு சொல்லல. ஆனா எம் புள்ள" என்றாள்.

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. "நான் வேணான்னு சொல்லிடுவேன்னு நெனச்சியா?"

"வேற மாதிரி நீங்க எதுவும் சொல்லலியே."

"அன்னிக்குக் கேட்டிருந்தா சொல்லியிருப்பனோ இன்னாவோ, தெரியல" என்றான். அவன் பொய் சொல்லவில்லை என்பது எனக்குப் பிடித்தது. "இப்ப சொல்ல மாட்டேன். தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அப்படி இருந்தா மொதல்லயே தயாரா இருக்கலாம்ல? இதயத்துக்கு, காதுக்குன்னு பொறந்ததும் பாக்க வேண்டியது இருக்கும். எங்கப்பா விஷயத்துல யாரும் எதையும் தெரிஞ்சுக்கவே இல்ல. அந்த பயந்தான்."

அவள் அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "தெரிஞ்சுக்க மட்டும்தான?"

"தெரிஞ்சுக்க மட்டும்தான்."

"அப்ப போட்டுக்கறேன். ஆனா தேருக்கு நீங்க எங்கூட வரணும்."

ஆடி மாதம் நடந்துகொண்டிருந்தது. வீராம்பட்டினத்தில் தேர்த் திருவிழாவுக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. "நான் கும்புட மாட்டேன்" என்றான். "கும்புட வேணாம். கூட நில்லுங்க போதும்" என்றாள்.

தேரன்று மூவரும் போனோம். ஊரே தெருவில் இருந்தது. அவள் அம்மாவும், நான் அதுவரை கல்யாணத்தில் மட்டும் பார்த்திருந்த சித்தியும் எங்களுக்காக ஒரு கடை நிழலில் இடம் பிடித்து வைத்திருந்தார்கள். சித்தி தம்பியைப் பார்த்ததும் ஓடி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். தேர் நகர்ந்து எங்களைத் தாண்டும்வரை விடவில்லை. அவனும் இழுத்துக்கொள்ளவில்லை. அவள் குழறிக் குழறிக் கேட்டதற்கெல்லாம் குனிந்து பதில் சொல்லிக்கொண்டிருந்தான். தம்பி மனைவி கண்ணை மூடிக் கைகூப்பி நின்றாள். நானும் கும்பிட்டேன். தம்பி முன்னால் நான் மறைக்காமல் கும்பிட்டது பல வருடங்களுக்குப் பிறகு அன்றுதான். அவன் கிண்டல் செய்யவில்லை. என்ன வேண்டிக்கொண்டேன் என்று கேட்டால், அந்த எண்ணை மாற்று என்று வேண்டவில்லை. என்ன வந்தாலும் இவர்கள் இரண்டு பேரும் இப்படியே சேர்ந்து நிற்க வேண்டும் என்று கேட்டேன்.

ஊசி போட்டது கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில். அன்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டேன். வெளியூர் பஸ்களிலிருந்து இறங்கி வந்தவர்களுக்கு நடுவில் நானும் தம்பியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் கேட்டான்: "ஏங்க்கா, நீ நெஜமாவே நம்பறியா?"

"சில நாள் நம்பறேன். சில நாள் இல்ல" என்றேன். "ஆனா கணக்கே தனக்குத் தெரியாதுன்னு சொல்ற எடம் ஒண்ணு இருக்குதுடா. அங்க நின்னு ஒருத்தர் சாமியக் கூப்புடறாங்க, இன்னொருத்தர் அடுத்த டெஸ்ட்டு போடறாங்க. ரெண்டுமே தெரியாதுன்னு ஒத்துக்கிட்ட பிற்பாடு செய்யற வேலதான்."

அவன் தலையாட்டினான். ஏற்றுக்கொண்டானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் மறுத்துப் பேசவில்லை. சற்று நேரத்தில் அவள் வயிற்றைப் பிடித்தபடி வெளியே வந்து, "அவ்ளோதான் அண்ணி, எறும்பு கடிச்ச மாதிரி இருந்துச்சு" என்றாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்ததைப் பார்த்தால் எறும்பு கடித்த மாதிரி தெரியவில்லை. இரண்டு நாள் அவளை மாடிப்படி ஏறவிடாமல் என் அறையிலேயே படுக்க வைத்துக்கொண்டேன். தம்பி விடுப்பு போட்டுவிட்டுச் சமைத்தான். குழம்பில் உப்பு கூடிப்போனதை அவள் சொல்லாமல் சாப்பிட்டாள். பிறகு நானும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

முடிவு வர இரண்டு வாரத்துக்கு மேல் ஆனது. ஒரு வெள்ளிக்கிழமை, இடைவேளை மணி அடித்துக் கொஞ்ச நேரத்தில் தம்பி போன் செய்தான். எடுத்ததும் அவனால் பேச முடியவில்லை. பிறகு, "எல்லாம் நார்மல்க்கா. ஒண்ணும் இல்ல" என்றான். பின்னால் அவள் அழுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது. நான் பள்ளிக்கூட மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். பக்கத்தில் போன பிள்ளைகள் தண்ணீர் கொண்டுவரவா மிஸ் என்று கேட்டார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டினேன். அப்படி ஒரு மூச்சை நான் அதற்கு முன்னால் விட்டதாக நினைவில்லை.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அவள் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டாள். "அந்த ஒருத்திக்கும் நல்லா இருக்கணும் அண்ணி. கோயில்ல சேத்தே வேண்டிக்கறேன்" என்றாள். அவ்வளவு சந்தோஷத்திலும் அவளுக்கு அது தோன்றியது. எனக்குத் தோன்றவில்லை என்பதையும் இங்கே எழுதிவிட வேண்டும்.

தை மாதம் குழந்தை பிறந்தாள். பெயர் வைப்பதில் மறுபடி ஒரு சண்டை வந்தது. அது இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே போட்ட சண்டை.

முடிவு வந்த அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி இன்னும் ஒன்று. தம்பி எங்கே என்று கேட்டேன். அவள் உதட்டில் விரலை வைத்து உள்ளே காட்டினாள். கம்பெனிச் சட்டையைக்கூடக் கழற்றாமல், கூடத்தில் வெறும் தரையில் மல்லாந்து படுத்து வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். மதியம் சாப்பிட்டதிலிருந்து அப்படியே கிடக்கிறானாம். நாங்கள் இரண்டு பேரும் அவனைத் தாண்டித் தாண்டிப் போய்ச் சமையலை முடித்தோம். யாரும் எழுப்பவில்லை.